வழக்கமும் வழக்கும்: தீர்ப்பேடுகள் காட்டும் சமணர் வாழ்வு

நம் சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் காப்பியம், கல்வெட்டு, ஆலயம் ஆகிய மூன்று இடங்களில் சான்று தேடுவது மரபு. சீவக சிந்தாமணியும் நாலடியாரும் நம் புலமைக்குச் சான்று. திருப்பருத்திக்குன்றமும் மேல்சித்தாமூரும் நம் பத்திக்குச் சான்று. நான்காவது இடம் ஒன்று உண்டு. அதனை நாம் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. அது நீதிமன்றத்தின் தீர்ப்பேடு.

காப்பியத்தில் ஒரு சமூகம் தான் எவ்வாறு இருக்க விரும்பியதோ அவ்வாறே காட்சி தரும். கல்வெட்டில் கொடையாளரின் பெருமை நிற்கும். நீதிமன்றத்திலோ இரு தரப்பாரும் ஒருவரையொருவர் மறுத்து, சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்கு ஆட்பட்டுப் பேசுகின்றனர். யாருக்கு நிலம், யார் வாரிசு, கணவனை இழந்தவளுக்கு என்ன உரிமை என்ற வினாக்கள் அங்கு அலங்காரமின்றி எழுகின்றன. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே நினைவிற்கொள்ள வேண்டும். தீர்ப்பேடு சண்டையிட்டவர்களின் பதிவு. ஒற்றுமையாய் வாழ்ந்து மறைந்த குடும்பங்கள் அதில் ஒரு வரியும் விட்டுச் செல்வதில்லை. இந்தக் குறை சமணர் வழக்குகளில் எத்தனை பெரிய விளைவை உண்டாக்கியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆங்கிலேயர் நீதிமன்றங்களுக்கு முன்னரே சமணர் தொடர்பான ஒரு பெருந்தீர்ப்பு கல்லில் வெட்டப்பட்டுள்ளது. சக ஆண்டு 1290, கீலக வருடம், அதாவது கி.பி. 1368. விசயநகரப் பேரரசர் முதலாம் புக்கர் காலத்தில் சமணர்க்கும் வைணவர்க்கும் பூசல் மூண்டது. ஆனெகுந்தி, ஓசபட்டணம், பெனுகொண்டா, கல்லேகப் பட்டணம் முதலிய ஊர்களின் சமணர் ஒன்றுகூடி, தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை அரசரிடம் முறையிட்டனர். எதிர்த் தரப்பாக அழைக்கப்பட்டோர் பதினெட்டு நாட்டு ஸ்ரீவைணவர். அவர்களுள் திருவரங்கம், திருமலை, காஞ்சி, திருநாராயணபுரம் ஆகிய தலங்களின் ஆசாரியர்களும் அடங்குவர். அவர்கள் மட்டுமல்லர், திருக்குலத்தாரும் சாம்பவ குலத்தாரும் அச்சபையில் இடம்பெற்றதாகக் கல்வெட்டு கூறுகிறது. ஒரு சமயப் பூசலைத் தீர்க்கும் அரசவையில் அக்காலத்தில் யார் யார் நின்றனர் என்பதை வேறெந்த நூலும் நமக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அரசர் சமணரின் கையை எடுத்து வைணவரின் கையில் வைத்தார். இரு தரிசனங்களுக்கும் இடையே பேதமில்லை என்றும், ஐம்பெரும் வாத்தியங்களும் கலசமும் சமணர்க்கு முன்போலவே உரியன என்றும், சமண தரிசனத்திற்கு வரும் கேட்டையோ வளர்ச்சியையோ வைணவர் தமக்கு வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பு அமைந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் அஃது ஓர் அறவுரை. அரசர் அதற்கு மேலும் ஒரு ஏற்பாடு செய்தார். நாடெங்கும் உள்ள சமணர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும். அதனைத் திருமலைத் தாத்தய்யா என்னும் வைணவப் பெரியவர் திரட்டி, வெள்ளைக்குளத்துக் கோமடேசுவரருக்கு இருபது காவலரை நியமித்து, எஞ்சிய பொருளால் சிதைந்த ஜினாலயங்களைச் செப்பனிட்டுச் சுண்ணம் பூச வேண்டும். சரவணபெளகொளாவிலும் கல்யாவிலும் இந்தச் சாசனம் பொறிக்கப்பட்டது. மீறுவோர் அரசத் துரோகிகள், சங்கத் துரோகிகள் என்ற எச்சரிக்கையும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது அரசரின் பெருந்தன்மை மட்டுமன்று. அவர் சமணரிடம், ‘உங்களுக்கு இந்த உரிமை இருந்தது என்பதை நிறுவுங்கள்’ என்று கேட்டதாகச் சாசனத்தில் இல்லை. ‘முன்போலவே’ என்ற ஒரு சொல் போதுமானதாயிற்று. சமணர் ஒரு தனித் தரிசனத்தார் என்பது அவையிலிருந்த யாருக்கும் ஐயமாக இல்லை. இத்தீர்ப்புக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளுக்குள் விசயநகர அரசின் சமண அமைச்சரான இருகப்பர் திருப்பருத்திக்குன்றத்தில் மண்டபம் எழுப்பினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அச்சொல்லுக்கு ஆட்சியில் இருந்த வலிமை விளங்கும்.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து அந்த நிலை மாறியது. 1772ஆம் ஆண்டு வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித் திட்டம், திருமணம், வாரிசுரிமை, சமயம் ஆகியவற்றில் முகமதியர்க்குக் குர்ஆன் சட்டமும், அன்றைய ஆங்கில வழக்கில் ‘ஜெந்தூ’ எனப்பட்டோர்க்குச் சாத்திரச் சட்டமும் பயன்படுத்தப்பட வேண்டும் என்று விதித்தது. இரண்டே பெட்டிகள். எந்தப் பெட்டியில் சமணர் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. வேதத்தைப் பிரமாணமாகக் கொள்ளாத, சிராத்தமும் பிண்டமும் இல்லாத ஒரு சமூகம், முகமதியர் அல்லர் என்ற காரணத்தால் மற்றதில் இடப்பட்டது. பிறகு நூறாண்டுகளுக்கு மேலாக நம்மவர் நீதிமன்றம் ஏறிய போதெல்லாம் இந்தப் பெட்டியின் சுவரில்தான் முட்டிக்கொண்டனர்.

முட்டிக்கொண்டோரில் முதன்மையானோர் பெண்கள். இதனை விளக்கச் சற்றே சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

அந்நாளைய இந்துச் சட்டத்தில், கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மகனின்றி இறந்தால் அவர் பங்கு உயிரோடிருக்கும் பங்காளிகளைச் சேரும். மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டுமே. பாகம் பிரிந்த பின் இறந்தால் சொத்து மனைவிக்கு வரும். ஆனால் அவள் அதனை ஆயுட்காலம் வரை அனுபவிக்கலாமேயன்றி, தக்க அவசியமின்றி விற்கவோ தானம் செய்யவோ இயலாது. அவளுக்குப் பின் அது கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பும். இந்த நிலையை மாற்றக்கூடிய ஒரே செயல் சுவீகாரம். கைம்பெண் ஒரு மகனைத் தத்தெடுத்தால் சொத்து அம்மகனைச் சேரும். காத்திருந்த பங்காளிகளின் கை வெறுங்கையாகும். ஆகவே ‘ஒரு கைம்பெண் யாருடைய அனுமதியுமின்றித் தத்தெடுக்கலாமா?’ என்ற வினா, ஆசாரம் பற்றிய வினாவாகத் தோன்றினாலும், உள்ளபடி நிலத்தைப் பற்றிய வினாவே.

தென்னாட்டைப் பொறுத்தவரை இதற்கு விடை தந்தது இராமநாதபுரம் சமத்தான வழக்கு. 1868ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் அவ்வழக்கில் இரண்டு கருத்துகளை உரைத்தது. திராவிட நாட்டில் கணவனின் அனுமதி இல்லாத கைம்பெண், அவன் பங்காளிகளின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்பது ஒன்று. தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட சாத்திர வாசகத்தையும் விஞ்சும் என்பது மற்றொன்று. முதற்கருத்து தாராளமாகத் தோன்றும். ஆனால் எவருடைய சம்மதத்தை அவள் பெற வேண்டும்? அவள் தத்தெடுத்தால் எவர் இழப்பரோ அவருடைய சம்மதத்தை. இரண்டாம் கருத்தே சமணர்க்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. எங்கள் வழக்கம் வேறு என்று நிறுவினால் போதும்.

வடநாட்டுச் சமணர் அவ்வாயிலின் வழியே சென்றனர். அங்கு இதற்கு முன்னோடியும் இருந்தது. 1833ஆம் ஆண்டிலேயே கல்கத்தா சதர் திவானி அதாலத், கோவிந்தநாத் ராய் வழக்கில், மகனில்லாச் சமணக் கைம்பெண் தன் கணவனைப் போலவே தத்தெடுக்க உரிமையுடையவள் என்ற கருத்தை ஏற்றிருந்தது. 1878இல் சியோசிங் ராய் எதிர் தாகோ என்ற வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. சராவகி அகர்வால் சமணக் குடும்பம் ஒன்றின் வழக்கு அது. டெல்லி, ஜெய்ப்பூர், மதுரா, காசி ஆகிய நகரங்களின் சமணப் பெரியோர்களிடம் சாட்சியம் பெறப்பட்டது. அவர்கள் தத்தம் ஊர்களில் நடந்த சுவீகாரங்களை எடுத்துரைத்தனர். முடிவில், மகனில்லாச் சராவகிக் கைம்பெண் கணவன் தானே ஈட்டிய சொத்தில் முழு உரிமை பெறுவாள். கணவனின் அனுமதியோ அவன் வாரிசுகளின் சம்மதமோ இன்றித் தத்தெடுக்கலாம். மகள் வயிற்றுப் பேரனையும் தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. விக்டோரியா காலத்து இலண்டனில், சொந்த நாட்டு மணமான பெண்களின் சொத்துரிமையே முழுமை பெறாத நாளில், அவ்வூர்ப் பிரபுக்கள் ஓர் இந்தியக் கைம்பெண்ணுக்கு இவ்வளவையும் ஒப்புக்கொண்டனர் என்பது வியப்புக்குரியது. ஒப்புக்கொள்ளச் செய்தது அவர்களின் தயாளம் அன்று. நான்கு நகரங்களின் சாட்சியம்.

எல்லா நீதிமன்றங்களும் இவ்வாறு செல்லவில்லை. 1873இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பகவான்தாஸ் தேஜ்மல் வழக்கில், தனி வழக்கம் நிறுவப்படாதவரை சமணர்க்கு இந்துச் சட்டமே பொருந்தும் என்று உறுதியாகக் கூறியது. நிறுவும் சுமை சமணர் தலையில் ஏறியது. இந்தச் சுமையோடுதான் தமிழகத்துச் சமணர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் நின்றனர்.

அவ்வழக்கின் பெயர் பெரிய அம்மணி எதிர் கிருஷ்ணசாமி. 1893ஆம் ஆண்டுக்குரிய சென்னைத் தீர்ப்புத் தொகுதி 16இல், 182ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. கணவனின் அனுமதியும் பங்காளிகளின் சம்மதமும் இன்றிச் சமணக் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்ற தனி வழக்கம் இங்குள்ள சமணரிடையே உண்டா என்பதே வினா. நிறுவப்படவில்லை என்று நீதிமன்றம் முடிவு கூறியது. ஆகவே பொதுவான இந்துச் சட்டம் பொருந்தும். டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் நிலவிய வழக்கம் சென்னை மாகாணத்துச் சமணரைக் கட்டுப்படுத்தாது. வழக்கம் என்பது இடத்தையும் குலத்தையும் ஒட்டியது என்பது சட்டத்தின் கொள்கை.

இத்தீர்ப்பைப் படிக்கும் நம்மவர் பலர், தமிழ்ச் சமணரிடம் அப்படியொரு வழக்கம் இருந்ததே இல்லை என்ற முடிவுக்கு வருவர். அது பிழையான வாசிப்பு என்பது என் கருத்து. ‘நிறுவப்படவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு. நீதிமன்றம் கேட்பது நிகழ்ச்சிகளை. இன்ன ஊரில், இன்ன ஆண்டில், இன்னார் மனைவி, இன்னாரைக் கேளாமல் தத்தெடுத்தார், எவரும் மறுக்கவில்லை, சொத்து அம்மகனுக்கே சென்றது என்று பலவாகக் காட்ட வேண்டும். ஆக்ரா, டெல்லி போன்ற வணிகப் பெருநகரங்களில் நெருங்கி வாழ்ந்து, கணக்கேடு எழுதியே பழகிய ஒரு சமூகத்தால் இதனைச் செய்ய முடிந்தது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனப் பகுதிகளின் சிற்றூர்களில், ஊருக்குச் சில வீடுகளாக உழுதுண்டு வாழ்ந்தவர்களால் எளிதில் முடியாது.

மேலும் ஒரு முரண் உண்டு. சுவீகாரம் நடக்கும் வீட்டில் பங்காளிகள் வந்திருந்து தாம்பூலம் வாங்கிச் சென்றால், அஃது அவர்கள் சம்மதம் தந்ததற்குச் சான்றாகிவிடும். சம்மதம் தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. சம்மதமின்றி நடந்து, எவரும் வழக்காடாமல் விட்டால், அந்நிகழ்ச்சிக்கு ஏடே இராது. ஒற்றுமையாக நடந்த ஒவ்வொரு நிகழ்ச்சியும் வழக்கத்திற்கு வலு சேர்க்காமல் நழுவிப் போகிறது. தமிழ்ச் சமணர் ஆலயக் கணக்கை எழுதினர். புராணங்களை ஓலையில் பெயர்த்தெழுதினர். தம் வீட்டு வழக்கத்தை எழுதவில்லை. எழுதத் தேவையில்லாதபடி அது எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு காரணமும் சொல்லப்பட வேண்டும். அது நமக்கு உவப்பானதன்று. சமணர்க்கெனச் சட்ட நூல்கள் இல்லாமலில்லை. பத்திரபாகு சங்கிதை, ஹேமசந்திரரின் அர்ஹந்நீதி, வர்த்தமான நீதி, இந்திரநந்தியின் ஜினசங்கிதை, திரிவர்ணிகாசாரம் ஆகியன தாயபாகம் பற்றிப் பேசுவன. கணவன் சொத்து முதலில் மனைவிக்கு என்பது அவற்றில் காணப்படும் கொள்கை. மனுவையும் மிதாட்சரத்தையும் அறிந்த நீதிபதிகள் இவற்றை அறியவில்லை. காரணம், ஏடுகளை அச்சிடுவதையும் அன்னியர் கையில் கொடுப்பதையும் நம்மவருள் பழமைப்பற்றுடையோர் பாவமெனக் கருதித் தடுத்தனர். சாஸ்திர பண்டாரங்களில் பூட்டியிருந்த நூல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரவில்லை. பாரிஸ்டர் சம்பத்ராய் ஜைன் இதனைத் தம் நூலில் மனம் நொந்து கூறுகிறார்.

அவரையும் ஜக்மந்தர்லால் ஜைனியையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். ஜைனி 1916இல் ‘ஜைனச் சட்டம்’ என்ற பெயரில் பத்திரபாகு சங்கிதையின் தாயபாகப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். 1919இல் ஹரிசிங் கௌர் தம் ‘இந்துச் சட்டத் தொகுப்பில்’ சமணரை இந்து சமயத்திலிருந்து பிரிந்தோர் என எழுதியது பெருங்கிளர்ச்சியை உண்டாக்கியது. சம்பத்ராய் மூல நூல்களைத் திரட்டி 1926இல் ‘ஜைனச் சட்டம்’ என்ற தம் தொகுப்பைக் கொண்டுவந்தார். நேர்மைக்காக இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பத்திரபாகுவின் பெயரில் வழங்கும் அந்தச் சங்கிதை அவர் எழுதியதன்று, பிற்காலத்தது என்று ஜுகல்கிஷோர் முக்தார் என்னும் சமண அறிஞரே ஆராய்ந்து எழுதினார். நூலின் காலம் பிந்தியதாயினும், எழுதியோரும் கைக்கொண்டோரும் சமணர் என்பதில் ஐயமில்லை. சட்டச் சான்றாக அதன் மதிப்பு அவ்வளவே, அதற்குக் குறைவுமன்று.

இம்முயற்சிகளின் எதிரொலி சென்னையிலேயே கேட்டது. கடேப்பா எதிர் எரம்மா என்ற வழக்கு. 1927ஆம் ஆண்டின் தொகுப்பில் உள்ளது. மீண்டும் சுவீகாரம், மீண்டும் வழக்கின் பெயரில் ஒரு பெண். தீர்ப்பெழுதியவர் நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரி. தேசபக்தர்கள் இவரை வேறொரு காரணத்திற்காக நினைவில் வைத்திருப்பர். 1918இன் ரௌலட் குழுவில் உறுப்பினராக இருந்தவர். அதே கை எழுதிய இத்தீர்ப்பு, சமணர் வரலாற்றைப் பற்றி இந்திய நீதிமன்றங்கள் உரைத்தவற்றுள் தலைசிறந்த பகுதிகளில் ஒன்று.

முன் தீர்ப்புகள் இல்லாத புதிய வினாவாக இது என் முன் வந்திருந்தால் நான் வேறு வகையில் முடிவு செய்திருப்பேன் என்ற கருத்தோடு அவர் தொடங்குகிறார். சமணர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர்; ஸ்மிருதிகளுக்கும் அவற்றின் உரைகளுக்கும் நெடுங்காலம் முந்திய தோற்றமுடையது சமணம்; மகாவீரர் தீர்த்தங்கரர் வரிசையில் இறுதியானவரேயன்றித் தோற்றுவித்தவர் அல்லர்; வேதப் பிரமாணத்தை மறுக்கும் இச்சமயத்திற்குத் தனிச் சட்ட நூல்கள் உண்டு என்று அடுக்கிச் செல்கிறார். பெரும்பான்மையினரோடு நெடுநாள் கலந்து வாழ்ந்ததால் சில சடங்குகளை ஏற்றிருக்கலாம். அதற்காகப் பல நூற்றாண்டுகள் கழித்து விஞ்ஞானேசுவரர் எழுதிய உரையை மொத்தமாக அவர்கள் மீது சுமத்தி, ‘நீங்கள் கட்டுப்பட்டவரல்லர் என்று நிறுவுங்கள்’ எனக் கேட்பது முறையன்று. நிறுவும் சுமை எதிர்த்தரப்பின் மேல் இருத்தலே நியாயம் என்பது அவர் கருத்து.

வரலாற்றை இவ்வளவு தெளிவாகக் கண்டவர் சட்டத்தை மாற்றினாரா? இல்லை. அவருக்கு முன்னே பிரிவி கவுன்சிலும் உயர்நீதிமன்றங்களும் அரை நூற்றாண்டாக அடுக்கிய தீர்ப்புகள் நின்றன. அவற்றை மீற அவருக்கு அதிகாரமில்லை. தீர்ப்பேட்டின் இயல்பை இவ்விடத்தில் கண்கூடாகக் காணலாம். 1873இல் போதிய நூல் அறிவின்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல், 1927இல் நூல் அறிந்த ஒரு நீதிபதியின் கையையும் கட்டியது. அவர் எழுதியது வரலாற்று நூல்களுக்குள் மேற்கோளாகப் புகுந்தது. கைம்பெண்ணின் நிலத்திற்குள் புகவில்லை.

வடக்கே வழக்கம் நிறுவப்பட்டவர்களுக்கு நிலை மேலும் தெளிவாகிக்கொண்டு சென்றது. 1910இல் ரூப்சந்த் வழக்கில், மணமான ஆடவனைத் தத்தெடுப்பது சமண வழக்கப்படி செல்லும் என்றும், 1925இல் தன்ராஜ் எதிர் சோனிபாய் வழக்கில், அகர்வால் சமணரிடையே சுவீகாரம் என்பது உலகியல் ஏற்பாடேயன்றிப் பிதிர்க்கடனுக்கான சடங்கன்று என்றும் பிரிவி கவுன்சில் ஏற்றது. பிண்டம் இடுவதற்காக மகன் என்ற அடிப்படையில் எழுந்த விதிகளை, பிண்டமே இடாத தமிழ்ச் சமணருக்கும் பொருத்தியதில் உள்ள பொருந்தாமை இதனால் மேலும் துலங்கும். ஆயினும் தமிழ்நாட்டில் அது மேலும் முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது.

விடிவு நீதிமன்றத்திலிருந்து வரவில்லை, நாடாளுமன்றத்திலிருந்து வந்தது. 1955இன் இந்து திருமணச் சட்டமும், 1956இன் வாரிசுரிமைச் சட்டமும் சுவீகாரச் சட்டமும் பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரைப் பெயர் சொல்லித் தம்முள் சேர்த்துக்கொண்டன. நம்முள் சிலர் இன்றளவும் இதனை அடையாள இழப்பாகக் கருதி வருந்துவர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண்ணின் கையிலுள்ள சொத்து வரம்புடையதன்று, முழுமையாக அவளுடையது என்றது. சுவீகாரச் சட்டமோ கைம்பெண் எவர் சம்மதமுமின்றித் தானே தத்தெடுக்கலாம் என்றது. 1893இல் நிறுவ முடியாதுபோன உரிமை, 63 ஆண்டுகள் கழித்து நிறுவ வேண்டிய தேவையே இன்றி நம் வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது. நம் நூல்கள் சொன்னதைத்தான் இந்தச் சட்டம் பெருமளவு தந்தது என்பதால், பெயரை இழந்து பொருளைப் பெற்றோம் என்று நான் கணக்கிடுகிறேன். மகள்களைப் பொறுத்தும் இவ்வாறே. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தமிழகத்தில் 1989லும், நாடு முழுமைக்கும் 2005லும் வந்தது.

பழைய வினா முற்றிலும் ஓயவில்லை. 2014 சனவரியில் மைய அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. அதைக் காரணமாகக் கொண்டு 2025 பிப்ரவரியில் இந்தூர்க் குடும்ப நீதிமன்றம், சமணத் தம்பதியரின் விவாகரத்து மனுவை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் ஏற்க இயலாது என்று திருப்பியது. அடுத்த மாதமே மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. சிறுபான்மை அறிவிப்பு வேறு. சட்டத்தில் சமணர் பெயர் இருப்பது வேறு. முன்னது பின்னதை அழிக்காது என்றது. ஹேஸ்டிங்ஸின் பெட்டிகள் 250 ஆண்டுகள் கழித்தும் தட்டுப்படுகின்றன.

சான்று கேட்கும் வழக்கமும் ஓயவில்லை. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராசஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனை நோன்பைத் தற்கொலையோடு ஒப்பிட்டுத் தடுத்தபோது, அந்நோன்பு சமயத்தின் இன்றியமையா ஒழுக்கம் என்பது நிறுவப்படவில்லை என்பதே அதன் காரணங்களுள் முதன்மையானது. சரவணபெளகொளாவின் பாறைகளிலும் நம் திருநாதர்குன்றின் பாறையிலும் நோன்பிருந்து உயிர்நீத்தோர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. திருநாதர்குன்றத்துச் சந்திரநந்தி ஆசிரியரின் 57 நாள் அனசனத்தைச் சொல்லும் கல்வெட்டு வட்டெழுத்தின் வரலாற்றிலேயே தொன்மையான சான்றுகளுள் ஒன்று. இத்தகைய சான்றுகள் கல்லில் கிடந்தும், நிறுவப்படவில்லை என்ற முடிவே வந்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

நம் குடும்பங்கள் பல இன்று வந்தவாசியிலும் ஆரணியிலும் இல்லை. தொழிற்சாலையையும் அலுவலகத்தையும் நாடி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் எனக் குடிபெயர்ந்தாயிற்று. நிலம் மட்டும் அங்கேயே இருக்கிறது. நிலத்தைப் பற்றிய வழக்கு நிலம் இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் நடக்கும். பூந்தமல்லி நீதிமன்றம் வீட்டுக்கு அருகில் இருந்தாலும் செஞ்சி நிலத்திற்கு அது உதவாது. ஊரை விட்டு வந்தபோது பாகப்பிரிவினைப் பத்திரம், சுவீகாரப் பத்திரம், உயில், மொய்க் கணக்கு, சீர்வரிசைப் பட்டியல், ஆலய நன்கொடைச் சீட்டு ஆகியன ஒரு தகரப்பெட்டியில் உடன் வந்தன. சில வீடுகளில் ஓலைச்சுவடியும் உண்டு. யார் யாருக்குத் தத்து, எந்தப் பெண்ணுக்கு எந்த நிலம் சீதனம், எந்தக் கைம்பெண் தன் பெயரில் ஆலயத்திற்குக் காணி விட்டார் என்பவை அச்சேடு எதிலும் இல்லை, அப்பெட்டியில் இருக்கின்றன.

அவற்றுக்குச் சட்டத்தில் மதிப்பும் உண்டு. 30 ஆண்டுகள் கடந்த ஆவணம் உரிய காவலிலிருந்து வெளிப்பட்டால், அதிலுள்ள கையொப்பமும் எழுத்தும் உரியவருடையனவே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2023இன் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 92ஆம் பிரிவாகத் தொடர்கிறது. எழுதியவரும் சாட்சிக் கையொப்பமிட்டவரும் மறைந்த பின்னும் பத்திரம் தானே பேசும். உரிய காவல் என்பதற்குச் சட்டம் தரும் பொருள் எளியது: இயல்பாக எவரிடம் இருக்க வேண்டுமோ அவரிடம், இருக்கத்தக்க இடத்தில் இருத்தல். செம்பரம்பாக்கத்து வீட்டுப் பரணில் உள்ள வந்தவாசி நிலத்தின் பத்திரமும், அதனை வைத்திருப்பவர் அந்நிலத்தின் வாரிசாயின், அப்பொருளுக்குள் அடங்கும்.